பழைய ஷூட்டர்களில் சிலதுக்கு மட்டும் கூட்டம் கலையாதது ஏன்?

கம்பஸில் படிக்கிற தம்பி ஒருவர் கேட்டது இது: "அண்ணா, டூம், க்வேக், கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 மாதிரி ஷூட்டர்களுக்கு, அதாவது துவக்கால் சுட்டு ஆடுகிற கேம்களுக்கு, இன்றைக்கும் உயிரை விடுகிற ரசிகர்கள் இருக்கிறார்கள். அதே காலத்தில் வந்த எத்தனையோ நல்ல ஷூட்டர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எல்லாம் பழைய ஞாபகம்தானா, இல்லை வேறு ஏதாவது இருக்கிறதா?"

ஞாபகத்துக்கும் பங்கு உண்டு, ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. டூம் வெளிவந்தது 1993 டிசம்பரில். இன்றைக்கு அதற்கு மேப், அதாவது விளையாடுகிற இடம், செய்து வெளியிடுகிறவர்களில் பலர் அப்போது பிறந்திருக்கவே இல்லை. தவிர, பழைய ஞாபகத்தில் ஒரு கேமை இறக்குகிறவர் என்ன செய்வார் என்று நமக்கே தெரியும். ஒரு சனி ஞாயிறு விளையாடுவார், முதல் இரண்டு லெவலில் பூரித்துப் போவார், மூன்றாவதில் சலிப்புத் தட்டி அழித்துவிடுவார்.

என் கணிப்பைச் சொல்கிறேன். விளையாடி முடித்த பிறகும் செய்வதற்கு ஏதாவது வேலை மிச்சமிருக்கிற கேமில் ஆட்கள் தங்குவார்கள். அந்த வேலையைச் செய்ய கம்பனியின் தயவு தேவையில்லை என்றால் அடுத்த தலைமுறையும் வந்து சேரும். கேம் எவ்வளவு தரமானது என்பது இதற்கு அடுத்தபடிதான் வரும். பதில் நீளமாகப் போகும், ஒரு பிளேன்டீ ஊற்றிக்கொண்டு உட்காருங்கள்.

டூமில் இருந்தே தொடங்குவோம். டூமைச் செய்த ஐடி சாஃப்ட்வேர் கம்பனியின் ஜான் கார்மாக் அதை எழுதும்போது, கேமை ஓட்டுகிற நிரலை, அதாவது எஞ்சினை, ஒரு பக்கமும் படம், சத்தம், மேப் எல்லாவற்றையும் இன்னொரு பக்கமும் பிரித்து வைத்தார். இந்த இரண்டாவது பக்கம்தான் 'வாட்' கோப்பு. அதற்கு முந்தைய வுல்ஃபன்ஸ்டைன் 3டியை ரசிகர்கள் கிண்டி மாற்றியபோது கேமின் சொந்தக் கோப்புகளையே திருத்த வேண்டியிருந்தது. டூமில் மூலக் கோப்பைத் தொடவே வேண்டாம். நீங்கள் செய்த வாட்டை அதன் மேல் ஏற்றினால் போதும். வேண்டாம் என்றால் ஏற்றாமல் விடலாம், கேம் பழையபடி இருக்கும். முதல் 9 லெவல்களை ஷேர்வேராக இலவசமாகவே விட்டிருந்தார்கள், ஆகவே கேம் ஏற்கெனவே எல்லோர் கையிலும் இருந்தது. 1994 தொடக்கத்திலேயே ரசிகர்கள் தாங்களாகவே மேப் எடிட்டர் எழுதிவிட்டார்கள். கம்பனி எடிட்டர் எதுவும் தரவில்லை என்பதையும் கவனியுங்கள்.

அந்த எடிட்டரில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் மிச்சம் விளங்கும். இப்போது பெரும்பாலானவர்கள் பாவிப்பது அல்டிமேட் டூம் பில்டர். திறந்தால் கட்டம் போட்ட ஒரு வெற்றுத் தாள். வீட்டுப் பிளான் வரைகிற மாதிரி மேலிருந்து கோடு இழுக்கிறீர்கள். கோடுகள் ஒன்றோடொன்று கூடி மூடினால் அது ஒரு செக்டர். செக்டருக்குத் தரையின் உயரம், கூரையின் உயரம், வெளிச்ச அளவு என்று மூன்று எண்கள் கொடுக்கிறீர்கள். படிக்கட்டு வேண்டுமா? பக்கத்துப் பக்கத்துச் செக்டர்களின் தரையை 16, 32, 48 என்று ஏற்றிக்கொண்டே போங்கள். 24 அலகு உயரம் வரைக்கும் ஆள் தானாக ஏறிவிடுவான், அதற்கு மேல் என்றால் சுவர். கதவு என்று தனிப் பொருளே கிடையாது. கூரையைத் தரையோடு ஒட்டும்படி இறக்கிய செக்டர்தான் கதவு. அதன் கோட்டில் 'திற' என்ற கட்டளையைப் பொருத்தினால் கூரை மேலே போகும், அவ்வளவுதான். மாடிக்கு மேல் மாடி கட்ட முடியாது, அசல் எஞ்சின் அதை அனுமதிக்காது. பிறகு நாலு பேயைக் கொண்டுபோய் வைத்து, ஒரு துவக்கை மூலையில் போட்டு, சேமித்து ஓடவிட்டால் உங்கள் மேப்புக்குள் நீங்கள் நிற்கிறீர்கள். கொஞ்சம் பொறுமை உள்ள ஏ எல் மாணவன் ஒரு பின்னேரத்தில் முதல் அறையை முடித்துவிடுவான்.

இப்போதைய ஷூட்டர் ஒன்றில் அதே அளவு இடத்தைக் கட்ட முப்பரிமாண மாடல், வெளிச்சக் கணக்கு, டெக்ஸ்சர் என்று ஒரு குழுவே வேண்டும். டூமில் பகல் முழுக்க வேலைக்குப் போய் வருகிற ஒருவர் தனியாக, இரவில் ஒன்றிரண்டு மணித்தியாலம் ஒதுக்கி, வெளியிடக்கூடிய தரத்தில் ஒரு மேப் முடிக்கலாம். அந்த எஞ்சினின் வறுமைதான் ரசிகருக்கு வசதியாகப் போயிற்று.

கம்பனியும் இதைக் கண்டுகொண்டது. 1996 இல் கடைக்கு வந்த ஃபைனல் டூமின் ஒரு பாதி, ரசிகர்கள் இலவசமாக வெளியிட இருந்த மேப் தொகுதி; கடைசி நேரத்தில் ஐடி அதைக் காசு கொடுத்து வாங்கியது. 1997 டிசம்பரில் சோர்ஸ் கோடையே, அதாவது கேமின் மூல நிரலையே, வெளியிட்டார்கள். டாஸ் பதிப்பின் சத்தப் பகுதி வேறொருவருக்குச் சொந்தம் என்பதால் லினக்ஸ் பதிப்பின் கோட்தான் வெளியே வந்தது. 1999 இல் அது, யாரும் திருத்தி வெளியிட இடம் கொடுக்கிற ஜிபிஎல் உரிமத்துக்கு மாறியது. அதன் பிறகு டூம் எந்த இயங்குதளத்தோடும் சேர்ந்து சாகவில்லை. விண்டோஸ் மாறினால் யாராவது ஒருவர் கோடைத் திருத்திவிடுவார். ஜிசெட்டூம் மாதிரி சில 'போர்ட்'கள், அதாவது ரசிகர்கள் அந்தக் கோடைத் திருத்திச் செய்த பதிப்புகள், மேலே கீழே பார்ப்பது, குதிப்பது, புது வெளிச்சம் என்று வசதிகளைக் கூட்டின. சாக்லேட் டூம் மாதிரி வேறு சில, 1990களின் பிழைகளைக் கூட அப்படியே காப்பாற்றி வைத்திருக்கின்றன.

பிழையை எதற்குக் காப்பாற்ற வேண்டும்? இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். டூமில் ஆட்டத்தைப் பதிவு செய்தால் வீடியோ உண்டாகாது. நீங்கள் எந்தப் பக்கம் நடந்தீர்கள், எப்போது திரும்பினீர்கள், எப்போது சுட்டீர்கள் என்பது மட்டும் பதிவாகும். கேம் விநாடிக்கு 35 தடவை கணக்குப் பார்க்கிறது. ஒவ்வொரு தடவைக்கும் ஒரு ஆளுக்கு 4 பைட். ஒரு நிமிட ஆட்டம் ஏறத்தாழ 8,400 பைட். டயல் அப் லைனில் கூட கண்மூடித் திறப்பதற்குள் அனுப்பிவிடலாம். எதிரிகளின் தற்செயல் அசைவுகள் கூட 256 எண்கள் கொண்ட ஒரு நிலையான பட்டியலில் இருந்து வருவதால், அதே விசைகளைத் திரும்பக் கொடுத்தால் அதே ஆட்டம் அச்சுப் பிசகாமல் ஓடும். எஞ்சினில் ஒரு சின்னப் பிழையைத் திருத்தினாலும் பழைய பதிவு தடம் புரண்டு, ஆள் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பான். அதனால்தான் பிழையும் சேர்த்துப் பாதுகாக்கப்படுகிறது. 1990களின் நடுவில் பதிவான ஆட்டத்தை இன்றைக்கு உங்கள் லேப்டாப்பில் ஓட்டிப் பார்க்கலாம், அதோடு போட்டியும் போடலாம்.

போட்டி என்றால் எப்படிப்பட்ட போட்டி? டூமின் முதல் லெவலை 'அல்ட்ரா வயலன்ஸ்' கடினத்தில் ஒருவர் 1998 இல் 9 விநாடியில் முடித்தார். அதை 8 ஆக்க 2019 வரை யாராலும் முடியவில்லை. ஒரு விநாடிக்கு இருபது வருடத்துக்கு மேல். வெளியே இருந்து பார்த்தால் பைத்தியக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு விநாடியைத் துரத்துகிறவர்கள் இருந்ததால் அந்த லெவல் ஒரு நாளும் பழசாகவில்லை.

மேப் பக்கமும் அப்படியே. 2004 இல் இருந்து ஒவ்வொரு டிசம்பரிலும் அந்த வருடத்தின் சிறந்த ரசிகர் மேப்களுக்கு 'காக்கோவார்ட்' என்று விருது கொடுக்கிறார்கள். காசு இல்லை, பெயர் மட்டும்தான். 2023 மார்ச்சில் வந்த 'மைஹவுஸ்' என்ற வாட், ஒரு சாதாரண வீட்டைப் போலத் தொடங்கி, திரும்பத் திரும்ப நடந்தால் அறைகள் மாறிக்கொண்டே போகிற ஒரு விநோதம். டூமே விளையாடாதவர்கள் கூட அதைப் பற்றிப் பேசினார்கள். கேமை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் ரொமேரோவும் 2019 இல் 'சிஜில்', 30 ஆவது வருட நிறைவுக்கு 'சிஜில் 2' என்று ரசிகர்களோடு ரசிகராக மேப் வெளியிட்டார்.

சரி, எல்லோருக்கும் மேப் செய்ய வராது. மேப்பே செய்யாத ஒருவர் எதற்காகத் தங்குகிறார் என்பதற்கு க்வேக் நல்ல உதாரணம்.

1996 ஜூனில் க்வேக் வந்தது. நிலத்தில் ஆளின் வேகத்துக்கு 320 என்று ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். ஆனால் காற்றில் இருக்கும்போது வேகத்தைக் கூட்டலாமா வேண்டாமா என்று எஞ்சின் தீர்மானிக்கிற முறையில் ஒரு ஓட்டை. அது உங்கள் மொத்த வேகத்தைப் பார்ப்பதில்லை. நீங்கள் எந்தத் திசைக்கு விசையை அழுத்துகிறீர்களோ, அந்தத் திசையில் மட்டும் எவ்வளவு வேகம் இருக்கிறது என்று பார்க்கிறது. ஆகவே முன்னால் பறந்துகொண்டிருக்கும்போது பக்கவாட்டு விசையை அழுத்தி, மவுஸையும் அதே பக்கம் மெல்லத் திருப்பினால், 'இந்தத் திசையில் வேகமே இல்லையே' என்று எஞ்சின் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கும். தரையைத் தொட்ட கணமே மறுபடி குதித்தால் உராய்வு பிடிக்காது. இடம், வலம், இடம், வலம் என்று குதித்துக் குதித்துப் போனால் வரம்பு எங்கேயோ நின்றுவிடும், நீங்கள் தாழ்வாரம் முழுக்கப் பறந்துகொண்டிருப்பீர்கள்.

க்வேக் 3 செய்யும்போது கார்மாக் இதை எடுத்துவிடப் பார்த்தார். எடுத்தால் சாதாரண ஓட்டமும் கெட்டுப்போனதால் விட்டுவிட்டார். அவர் விட்டது நல்லதாகப் போயிற்று என்பேன். இந்தக் குதிப்பைக் கையில் பிடிக்க வாரக்கணக்காகும், அழகாகச் செய்ய வருடக்கணக்காகும். யாரையும் சுடாமல் குதிப்பதற்காக மட்டும் க்வேக் 3 க்கு 'டிஃப்ராக்' என்று ஒரு மோட், அதாவது ரசிகர்கள் கேமை மாற்றிச் செய்த பதிப்பு, உண்டு. எதிரி இல்லை, கதை இல்லை, ஆரம்பக் கோடும் முடிவுக் கோடும்தான். அதிலே வருடக்கணக்காகக் கிடக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்த இடத்தில் நீங்கள் என்னை மடக்கலாம். கோல்டன்ஐ 007 இருக்கிறதே? 1997 இல் நின்டெண்டோ 64 க்கு வந்த கேம். கட்ரிட்ஜுக்குள் பூட்டிய சாமான், எடிட்டர் இல்லை, சோர்ஸ் கோட் இல்லை, அந்தக் காலத்தில் மோட் என்ற பேச்சே இல்லை. அதற்கு எப்படி இன்றைக்கும் கூட்டம்?

அங்கேயும் வேலை இருந்தது. ஒவ்வொரு மிஷன் முடிவிலும் கேமே உங்கள் நேரத்தைத் திரையில் காட்டும். குறித்த நேரத்துக்குள் முடித்தால் பரிசும் உண்டு. ஃபசிலிட்டி லெவலை அதிகக் கடினத்தில் 2 நிமிடம் 5 விநாடிக்குள் முடித்தால்தான் சாகாவரம் கிடைக்கும் என்பது அந்தத் தலைமுறைக்கு மனப்பாடம். கம்பனி தெரிந்தோ தெரியாமலோ கையில் ஒரு ஸ்டாப்வாட்ச்சைக் கொடுத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு ரசிகர்கள் தரவரிசை தொடங்கினார்கள், அது இன்னும் நடக்கிறது. அந்த ஓட்டங்களைப் பார்த்தால் ஆள் எந்நேரமும் தரையைப் பார்த்தபடியே ஓடுவதைக் காணலாம். வெட்கம் ஒன்றுமில்லை. தூரக் காட்சியை வரைய வேண்டியில்லாதபோது அந்தப் பழைய இயந்திரம் கொஞ்சம் வேகமாக ஓடும்.

இனி நம்ம ஊருக்கு வருவோம். கொழும்பில் எங்கள் வயதுக்காரர்களிடம் ஷூட்டர் என்றால் டூமும் க்வேக்கும் முதலில் வராது. கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 தான்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒரு காலத்தில் தெருவுக்கு ஒரு கொமியூனிகேஷன் இருந்தது ஞாபகம் இருக்கலாம். முன்னால் போட்டோகொப்பியும் வெளிநாட்டுக் கோல் எடுக்கிற கூண்டும். அவற்றில் சிலதின் பின்னறையில் ஏழெட்டு கம்பியூட்டர், ஒரு சுவிட்ச், நிலமெல்லாம் கேபிள். டியூஷனுக்கும் வீட்டுக்கும் இடையில் கிடைக்கிற நேரத்தில் வெள்ளைச் சீருடையோடே வந்து உட்காருகிற பையன்கள், தமிழும் சிங்களமும் கலந்து ஏச்சு. மவுஸ் இழுத்தால் நகராது. கவிழ்த்து, மூடியைத் திருகி, உருண்டையை வெளியே எடுத்து, உள்ளே உருளைகளில் சுற்றியிருக்கும் கறுப்பு அழுக்கை நகத்தால் சுரண்டிவிட்டுப் போட்டால்தான் ஏகே துவக்கைக் குறிவைக்க முடியும். ரவுண்ட் தொடங்குவதற்குள் சுரண்டி முடிக்கிறவன் கெட்டிக்காரன்.

அந்தப் பின்னறைகளுக்கு 1.6 ஏன் பொருந்தியது? அது ஒரு மோடாகப் பிறந்தது. மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு இளைஞர்கள் 1999 ஜூனில் ஹாஃப் லைஃபுக்கு மேல் செய்து வெளியிட்டது. ஹாஃப் லைஃபின் எஞ்சினோ க்வேக்கின் எஞ்சினைத் திருத்தியது. வால்வ் கம்பனி இருவரையும் சேர்த்துக்கொண்டு 2000 நவம்பரில் கடைக்குக் கொண்டுவந்தது, 1.6 பதிப்பு 2003 செப்டம்பரில். க்வேக் பரம்பரை என்பதால் ஆட்டத்தை நடத்துகிற சர்வரும் நம் கையிலேயே. பின்னறையில் ஒரு கம்பியூட்டர் சர்வராக நிற்கும், மற்றவர்கள் அறைக்குள் கேபிளில் இணைந்த 'லான்' பட்டியலில் அதைப் பார்த்துக் கிளிக் பண்ணுவார்கள். இணைய இணைப்புத் தேவையில்லை. கிராபிக்ஸ் கார்ட் இல்லாத மெஷினிலும் ஓடும். ஆள் குறைந்தால் பொட், அதாவது கம்பியூட்டரே ஆட்டுகிற ஆள், போடலாம். அன்றைய டயல் அப் வேகத்தில் வெளிநாட்டு சர்வர் ஒன்றில் போய் விளையாடுவது நடக்காத காரியம். அந்தக் குறையே தெரியாதபடி கேமின் முழு உலகமும் அந்த ஒரு அறைக்குள் இருந்தது.

1.6 ஐ இன்றைக்கும் ஆடுகிறவர்கள் சொல்கிற காரணம் வேறு. 'அது மாறவில்லை' என்பார்கள். டேவ் ஜான்ஸ்டன் 2001 இல் செய்த டஸ்ட் 2 மேப்பில் நடுக் கதவின் இடுக்கு வழியாக ஏடபிள்யூபி என்ற தூரக்குறித் துவக்கால் பார்ப்பது அன்றைக்கும் அதே கோணம், இன்றைக்கும் அதே கோணம். துவக்கின் உதைப்பைக் கட்டுப்படுத்தக் கற்றுக்கொண்ட கை அப்படியே செல்லுபடியாகிறது. இப்போதைய கேம்களில் சீசனுக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் கலைத்து அடுக்குகிறார்கள். போன மாதம் பழகியது இந்த மாதம் உதவாது. வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்துகிறவருக்கு அது கட்டுப்படியாகாது. நாலு வருடம் கழித்து வந்தாலும் பழக்கம் வீணாகாத இடத்துக்குத்தான் அவர் திரும்புவார்.

கோல் ஆஃப் டியூட்டி 4 பற்றியும் ஒரு வார்த்தை. 2007 இல் வந்தது, இலங்கையில் நடந்த போட்டிகளில் பல வருடம் நிலைத்து நின்றது. அதிலும் சர்வரை நாமே ஓட்டலாம், மோட் போடலாம். போட்டிக்காரர்கள் தேவையற்ற சோடனைகளை எல்லாம் கழற்றி 'புரோமோட்' என்று ஒன்று செய்துகொண்டார்கள். உள்ளூரில் சர்வர் என்றால் பிங், அதாவது இணைப்புத் தாமதம், ஒரு பிரச்சினை இல்லை. 2009 இல் அடுத்த பெரிய பதிப்பான மோடர்ன் வார்ஃபேர் 2 வந்தபோது கம்பியூட்டர் பதிப்பில் சொந்த சர்வர் வசதியையே எடுத்துவிட்டார்கள். லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மனுவில் கையெழுத்துப் போட்டும் பலனில்லை. விற்பனையில் அது பெருவெற்றி, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் நம்மைப் போல கம்பனி சர்வர் பக்கத்தில் இல்லாத ஊர்க்காரர்களுக்கு நாலாம் பாகம் அதைவிட நீண்ட நாள் உழைத்தது. பிற்காலத்தில் ரசிகர்கள் தாங்களாகவே சொந்த சர்வர் வசதியைச் சேர்த்து நடத்திய எக்ஸ்லேப்ஸ் என்ற திட்டமும் 2023 மே மாதம் ஆக்டிவிஷனின் சட்டக் கடிதத்தோடு மூடப்பட்டது.

பூட்டுப் போட்ட கேம்களின் கதை பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது. ரசிகர்களுக்குப் பற்று இல்லாமல் இல்லை. பழைய எக்ஸ்பாக்ஸுக்கான ஆன்லைன் சேவையை மைக்ரோசாஃப்ட் 2010 ஏப்ரல் 15 ஆம் திகதி நிறுத்தியபோது, ஹாலோ 2 விளையாடிக்கொண்டிருந்த பத்துப் பதினைந்து பேர் இணைப்பைத் துண்டிக்க மறுத்துவிட்டார்கள். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களை சேவை வெளியே தள்ளவில்லை என்பதால் இயந்திரத்தை அணைக்காமல் மே மாதம் வரை ஓட்டினார்கள். ஒருவர் இயந்திரம் சூடாகி விழும், இன்னொருவர் இணைப்பு அறும், இப்படி ஒவ்வொருவராக உதிர்ந்தார்கள். பற்றுக்கு அதைவிட என்ன வேண்டும்? ஆனால் சர்வர் அவர்கள் கையில் இல்லையே.

2014 மே மாத முடிவில் கேம்ஸ்பை சேவை மூடியபோது இன்னும் பல கேம்களின் சர்வர் பட்டியல் ஒரே நாளில் இருண்டது. சர்வர் ஓடிக்கொண்டிருந்தாலும் அது எங்கே இருக்கிறது என்று கேமுக்குச் சொல்ல ஆளில்லை. தெரிந்தவர்கள் மாற்றுப் பட்டியல் எழுதிச் சிலதைக் காப்பாற்றினார்கள். அன்ரியல் டூர்னமென்ட்டின் கதை இன்னும் சுவாரசியம். அதன் உரிமையாளரான எபிக் கம்பனி 2022 டிசம்பரில் பழைய அன்ரியல் கேம்களைக் கடைகளில் இருந்து எடுத்தது, அடுத்த மாதம் சர்வர் பட்டியலையும் நிறுத்தியது. ஆனால் 1999 பதிப்பை 'ஓல்ட்அன்ரியல்' ரசிகர் குழு ஏற்கெனவே எபிக்கின் சம்மதத்தோடு திருத்திப் பராமரித்து வந்தது. 2024 இல் இணைய ஆவணக் காப்பகத்தில் இருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளவும் எபிக் வழிவிட்டது. கடையில் இல்லாத கேம், ஆனால் புதுத் திருத்தம் வந்துகொண்டிருக்கிறது.

இதற்கு நேர்மாறு நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர். 2000 இல் மோனோலித் செய்த உளவாளிக் கதை, நகைச்சுவையில் அதற்கு நிகரான ஷூட்டர் குறைவு. உரிமை யாரிடம் என்பதில் கம்பனிகளுக்கிடையே அவ்வளவு சிக்கல். நைட்டைவ் என்ற நிறுவனம் அதை மறுபடி வெளியிட முயன்று கைவிட்டது. விளையாடியவர்கள் மெச்சுகிறார்கள், ஆனால் மெச்சுவதைத் தவிர அவர்களுக்குச் செய்ய அதிகம் இல்லை. கதையை ஒரு தடவை முடித்தால் முடிந்தது. நீங்கள் கேட்ட 'எத்தனையோ நல்ல ஷூட்டர்கள்' பெரும்பாலும் இந்த வகை. அவை தோற்கவில்லை, முடிந்துவிட்டன. நல்ல கதை சொல்லி முடித்துவிட்ட கேமிடம் முப்பது வருடக் கூட்டத்தை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

திறந்து விடுவதால் எல்லாம் நன்மை என்று சொல்லமாட்டேன். 1.6 க்கு யாரும் சர்வர் வைக்கலாம் என்றால் கள்ளனும் வைக்கலாம். 2019 மார்ச்சில் டாக்டர் வெப் என்ற வைரஸ் தடுப்பு நிறுவனம் 'பெலோனார்ட்' என்ற ட்ரோஜனை, அதாவது மறைந்து நுழைகிற கெட்ட நிரலை, பற்றி எழுதியது. வால்வின் இணையக் கடையான ஸ்டீமின் பட்டியலில் தெரிந்த ஏறத்தாழ 5,000 சர்வர்களில் 1,951, அதாவது 39 சதவீதம், அந்த ட்ரோஜன் உண்டாக்கிய போலிகள். சேர்ந்தவரின் கம்பியூட்டரையே அது அடுத்த போலி சர்வராக்கும். கேமின் பழைய ஓட்டைகளை வால்வ் அவசரமாக அடைக்காததும் சேர்ந்துகொண்டது. இலவசப் பதிப்பு என்று எங்கேயோ இறக்கிய 1.6 கோப்புகளில் இதே மாதிரி சாமான் ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு. விளையாட ஆசை என்றால் ஸ்டீமில் வாங்குங்கள். சலுகை நாட்களில் விலை சின்னதுதான்.

இன்னொரு குறை, பழைய கூட்டங்களின் தலைக்கனம். மவுஸால் மேலே பார்த்தால் அது டூமே இல்லை என்று சண்டை பிடிக்கிறவர்களை நீங்களும் சந்திப்பீர்கள். காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் இங்கே வாழ்கிறவர்களுக்கு மட்டும் உறைக்கிற ஒரு காரணம். 2022 இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 க்குப் பாய்ந்த வேகத்தில் கிராபிக்ஸ் கார்ட் விலை கேட்கவே பயமாக இருந்தது. மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. ரவுட்டர் செத்துப்போன வீட்டில் ஆன்லைன் கேம் வெறும் ஐகான். பழைய லேப்டாப்பின் பேட்டரியில், இணைப்பே இல்லாமல், மெழுகுதிரி வெளிச்சத்தில் டூம் ஓடியது; பொட்டுகளோடு 1.6 ஓடியது. இருக்கிற மெஷினில் ஓடுவது ஒரு பெரிய தகுதி. விலையுயர்ந்த கார்டும் தடையில்லாத இணைப்பும் இருக்கிற ஊர்களில் எழுதப்படும் பட்டியல்களில் அது சேர்வதில்லை.

கேள்வியின் பின்பகுதியில் வலோரன்ட் மாதிரி இன்றைய கேம்களுக்கும் இருபது வருடம் கழித்து இப்படிக் கூட்டம் இருக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். வலோரன்ட் நன்றாகச் செய்த கேம், அதில் பழகுவதற்கும் நிறைய இருக்கிறது. ஆனால் தனிப்பட்ட ஆட்டம் கூட அதைச் செய்த ரயட் கம்பனியின் சர்வரில்தான் நடக்கிறது. அவர்கள் ஒரு நாள் நிறுத்தினால் உங்களிடம் மிஞ்சுவது ஒரு ஐகானும் வாங்கிய துவக்குத் தோல்களின் ஸ்கிரீன்ஷாட்டும்தான். கவுண்டர் ஸ்ட்ரைக்குக்குள்ளேயே இதைப் பார்க்கலாம். 2023 செப்டம்பரில் கவுண்டர் ஸ்ட்ரைக் 2 வந்தபோது அது முந்தைய சிஎஸ் கோவின் இடத்திலேயே உட்கார்ந்தது. பழையதைத் தேடிப் போனவர்களுக்கு எதிராளிகளைத் தேடித் தருகிற மேட்ச்மேக்கிங் இல்லை, சுற்றுவழியில் ஒரு பழைய பதிப்பு மட்டும் மிஞ்சியது. கவுண்டர் ஸ்ட்ரைக் 2 ஐவிட இருபது வயது மூத்த 1.6 ஸ்டீமில் தன்பாட்டில் இருக்கிறது.

பரீட்சை முடிந்ததும் ஒரு பின்னேரம் ஒதுக்கி நீங்களே பார்த்துவிடலாம். சோர்ஸ் கோட் இலவசம் என்றாலும் டூமின் அசல் படங்களும் மேப்களும் இன்னும் விற்பனைப் பொருள். அதனால் காசு செலவழிக்க விருப்பமில்லை என்றால், ரசிகர்கள் அவற்றுக்குப் பதிலாகத் தாங்களே வரைந்து வைத்த 'ஃப்ரீடூம்' என்ற வாட்டை இறக்குங்கள். அதோடு ஜிசெட்டூம், அல்டிமேட் டூம் பில்டர். மூன்றும் சேர்த்தாலும் இன்றைய கேம் ஒன்றின் ஒரு அப்டேட் அளவு வராது. முதல் வேலையாக ஒரு சதுர அறை வரைந்து, கூரை உயரத்தை 128 என்று வைத்து, கதவு ஒன்று போட்டுப் பாருங்கள். கதவின் பக்கச் சுவர் படமும் கதவோடு சேர்ந்து மேலே இழுபடும்; முதல் தடவை எல்லோருக்கும் அப்படித்தான் வரும். அந்தக் கோட்டின் குணங்களில் 'லோயர் அன்பெக்ட்' என்பதை டிக் பண்ணினால் நின்றுவிடும்.